மூன்று வருடம் அம்மாவாக இருந்தவர்

கடலூரிலிருந்து நெய்வேலிக்கு வந்த பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மைன்ஸ் கான்ட்ராக்ட் தொழிலாளி, நகக்கண்ணெல்லாம் கரி. மடியில் ஐந்து வயது மகள், அவள் மேலுதட்டில் மெல்லிய தையல் தழும்பு. அடிக்கடி அவள் வாய்க்கு நேரே உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

"என்னங்க பண்றீங்க?" என்றேன்.

"காத்து வருதான்னு பாக்கறேங்க. பொறக்கும்போதே இவளுக்கு ஒதடும் மேலண்ணமும் பிளந்து இருந்துச்சி. கிரகணத்துல காய் நறுக்குனதாலதான்னு என் சம்சாரத்தை எல்லாரும் ஏசுனாங்க. வயித்துல மூணு மாசத்துக்குள்ள ரெண்டு பக்கமும் வந்து ஒட்டணும், இவளுக்கு ஒட்டல, யார் மேலயும் தப்பு இல்லன்னு டாக்டர் சொன்னாரு. ஆபரேஷன் பண்ணி மூடுன பிறகும் பேசுனா காத்து மூக்கு வழியாவே போயிகினு இருந்துச்சி. 'ப' வராது, 'ம'தான் வரும். மூணு வருஷமா என்னையும் அம்மான்னுதாங்க கூப்ட்டா! பேச்சுப் பயிற்சியில இன்னிக்குத்தான் வந்துச்சி. கையை நீட்டுங்க!"

நீட்டினேன். "அப்பா!" என்றாள். உள்ளங்கையில் காற்று குப்பென்று மோதியது. முன் இருக்கை அம்மாள் கை நீட்டினார். கண்டக்டரும் பையைத் தள்ளிவிட்டு நீட்டினார். ஒவ்வொரு கைக்கும் ஓர் "அப்பா!" பஸ்ஸே சிரித்தது.

"வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"போன்ல சொல்ல மாட்டேங்க. வூட்டு வாசல்ல நின்னு இவ என்னைக் கூப்புடணும். உள்ள இருந்து என் சம்சாரம் கேக்கணும்."

சிரிப்பில் என் நிறுத்தம் எப்போதோ போய்விட்டிருந்தது. பெயர்கூடக் கேட்காமல் இறங்கித் திரும்பி நடந்தேன். அந்தக் குரலைக் கேட்டதும் உள்ளேயிருந்த அந்தப் பெண் என்ன செய்திருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன்.