டின்னைச் சுற்றி வராதவர்

மட்டாஞ்சேரியில் ஜுமைலா தைத்துக் கொடுத்த ரவிக்கை யாரையும் இறுக்கிப் பிடித்ததாக வரலாறு கிடையாது. நாடா பிடித்து அளவெடுக்கும்போதே, அடுத்த பெருநாளுக்குள் அந்தப் பெண்மணி எவ்வளவு பெருப்பார் என்பதையும் கண்ணாலேயே சேர்த்து எடுத்துக்கொள்வாள். கேட்டால், உள்ளே கொஞ்சம் துணி விட்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்வாள். இப்படிப்பட்ட கெட்டிக்காரியைத்தான், அதுவும் அளவு விஷயத்திலேயே, பத்துப் பேர் சேர்ந்து ஐந்து மாதம் ஏமாற்றினார்கள். பத்துப் பேரும் நல்லவர்கள். அவர்களில் ஒருவர் வருடம் தவறாமல் ரத்ததானம் செய்பவர்.

இருபத்தாறு வருடம் தையல் மெஷின் மிதித்ததில் ஜுமைலாவின் இடுப்பு ஒரு நாள் எழுந்திருக்க மறுத்துவிட்டது. டாக்டர் நீந்தச் சொன்னார். எங்கே பார்த்தாலும் தண்ணீராக இருக்கும் கொச்சியில் பாதிப் பேருக்குப் படகு டிக்கெட் எடுக்கத் தெரியுமே தவிர நீந்தத் தெரியாது. அந்தப் பாதியில்தான் ஜுமைலாவும் இருந்தாள். அவள் கணவன் முனீர் பஜாரில் சுக்கு மண்டிக்காரன். விஷயத்தைக் கேட்டதும், நாற்பத்தேழு வயதில் கடலில் இறங்கினால் கடல்தான் சங்கடப்படும் என்றான். சொல்லிவிட்டு, மறு வாரம் அவனே போய் ஒரு நீச்சல் கண்ணாடியும் வாங்கி வந்தான். அவன் எப்போதுமே அப்படித்தான். முதலில் எதிர்ப்பு, பிறகு கொள்முதல்.

ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் காலை ஆறு மணிக்குக் கூடும் 'புலரி நீச்சல் கூட்ட'த்தில் அவள் போய்ச் சேர்ந்தாள்; முதல் நாளே எல்லாருக்கும் இத்தா, அதாவது அக்கா, ஆனாள். முழுக்கை, முழுக்கால், தலைக்கு முக்காடு எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, கறுப்புக் குடைத்துணியில் தானே ஒரு நீச்சல் உடுப்பைத் தைத்திருந்தாள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கியதும் அதற்குள் காற்றுப் புகுந்துகொண்டது. மூழ்கவும் முடியவில்லை, நீந்தவும் முடியவில்லை. கார்ப்பரேஷனில் வேலை பார்க்கும் மாரிச்செல்வம் கரையில் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "இத்தா, மழை வந்தா நாங்க எல்லாரும் உங்க கீழ வந்து நின்னுக்கறோம்" என்றார். மறுநாள் பக்கவாட்டில் நான்கு கீறல் விட்டுக்கொண்டு வந்தாள். காற்றும் போனது, மாரிச்செல்வத்தின் நகைச்சுவையும் போனது.

கூட்டத்தின் நடைமுறை இதுதான். படகுத்துறையில் வேலை செய்யும் அல்தாஃப், பொழுது விடியும்போதே சின்ன வள்ளம் ஒன்றில் போய், ஆரஞ்சுப் பெயின்ட் அடித்து மூடி அடைத்த எண்ணெய் டின் ஒன்றைக் கல்லும் கயிறுமாகக் கடலில் இறக்கிவிட்டு வருவான். கரையை ஒட்டியே தெற்கே நானூறு மீட்டர். அதைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். யாராவது தவித்தால் தூக்குவதற்கு அல்தாஃப் வள்ளத்திலேயே உட்கார்ந்திருப்பான்.

வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற விஸ்வநாத், கையில் ஒரு கூட்டம் கிடைத்ததும் அதற்குப் பதினான்கு விதிகள் எழுதினார். பதின்மூன்றை யாரும் படிக்கவில்லை. ஒன்பதாவது விதியை மட்டும் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்: அன்றைய டின்னைச் சுற்றி வராதவர் மறுநாள் எல்லாருக்கும் சாயா கொண்டுவர வேண்டும். முழங்கால் தண்ணீரில் நின்று அரசியல் பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களைத் திருத்த எழுதிய விதி அது. முட்டுவலிக்காரர்கள்கூட சாயா போடப் பயந்து டின்னைச் சுற்றிவிட்டு வந்தார்கள். ஆகவே, விதியில் மாட்டுவது எப்போதும் புதிதாகச் சேர்ந்தவர்தான்.

ஜுமைலா மாட்டினாள். கூட்டம் பிழைத்தது.

முனீரின் மண்டிச் சுக்கு, இரண்டு ஏலக்காய், கடைசியில் பிழிந்த கால் மூடி எலுமிச்சை. பால் கிடையாது. ஈரத்தோடு கடல் சுவரில் உட்கார்ந்து அந்தச் சுலைமானியை முதல் வாய் குடித்ததும் விஸ்வநாத் கண்ணை மூடிக்கொண்டு, முப்பத்து நாலு வருட வங்கிப் பணியில் தனக்கு இப்படி ஒரு சாயாவை யாருமே தந்ததில்லை என்றார். வராமல் நின்றவர்கள் திரும்ப வந்தார்கள். வைட்டிலாவிலிருந்து ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்தார். நீச்சலுக்கு என்றுதான் சொல்லிக்கொண்டார்.

ஜுமைலா வந்தது சாயா போட அல்ல. வீட்டில் முனீருக்குச் சாயா, கடையில் அளவு கொடுக்க வரும் பெண்களுக்குச் சாயா, பள்ளிவாசல் தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அடுப்படியில் ஜுமைலா. கடலில் மட்டும் கையில் ஃப்ளாஸ்க் இல்லாமல், டின்னைச் சுற்றி வந்த ஒருத்தியாகக் கரையேற வேண்டும் என்று அவளுக்குள் ஓர் ஆசை விழுந்துவிட்டது. இதை முனீரிடம்கூட அவள் சொல்லவில்லை. சொன்னால் அவன் எதிர்ப்பான், பிறகு ஏதாவது வாங்கி வருவான்.

மூன்று மாதத்தில் நீந்தக் கற்றாள். ஆறாவது மாதத்தில், டின்னை எட்ட ஐம்பது மீட்டர்தான் பாக்கி என்ற அளவுக்குப் போய்விட்டாள். அன்றைக்குக் கடல் சுவரில் சாயா குடித்தவர்கள் அதை மிக மெதுவாகக் குடித்தார்கள். நாளையோ மறுநாளோ இவள் டின்னைச் சுற்றிவிட்டால்? அடுத்து விதியில் மாட்டப்போகிறவர் யார்? எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எந்த முகத்திலும் சுக்கு வாசனை இல்லை.

யாரும் சதி செய்யவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டின் கிடக்கும் இடத்தில் நீரோட்டம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறதே என்று விஸ்வநாத் பொதுவாகச் சொன்னார். ஆமாம், டின்னைக் கொஞ்சம் தெற்கே போட்டால் நல்லது என்று மாரிச்செல்வம் பொதுவாகச் சொன்னார். அல்தாஃபும் பொதுவாகத் தலையாட்டினான். மறுநாள் டின் எழுபது மீட்டர் தள்ளி மிதந்தது.

ஜுமைலாவுக்கு அது தெரியவில்லை. கரையில் அவள் போட்டிருப்பது கனமான பவர் கண்ணாடி. அதைக் கழற்றி நீச்சல் கண்ணாடியை மாட்டினால், உலகம் சாம்பல் நிறத்தில் ஒரு துணி. அதில் ஆரஞ்சாக ஒரு பொட்டு. அந்தப் பொட்டை நோக்கித்தான் நீந்துவாள். ஒவ்வொரு முறையும், பொட்டு கொஞ்சம் பெரிதாகும் நேரத்தில் கை ஓய்ந்துவிடும். அல்தாஃப் வள்ளத்தை அருகே கொண்டுவந்து, போதும் இத்தா, நாளைக்குப் பார்க்கலாம் என்பான். அவள் நெருங்க நெருங்க, டின்னும் மாதத்துக்கு இருமுறை பொதுவாகத் தெற்கே போயிற்று.

டின் நகரத் தொடங்கி ஐந்தாவது மாதம் முடியும்போது ஜுமைலா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இரவுச் சோற்றின்போது, தனக்கு இதற்கு மேல் வராது என்று முனீரிடம் சொன்னாள். எத்தனை நாள் நீந்தினாலும் அதே இடத்தில் கை விழுந்துவிடுகிறது, இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன் என்றாள். முனீர் உடனே கிண்டல் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தான்.

அந்த வாரம்தான் சோனியா வந்து சேர்ந்தாள். குளத்தில் பயிற்சி எடுத்த பெண். கையில் எல்லாவற்றையும் அளக்கும் ஒரு கடிகாரம். முதல் நாளே டின்னைச் சுற்றிவிட்டு வந்து, சாயாவை வாங்கிக்கொண்டு, கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"சாரே, எண்ணூறு மீட்டர்னு தானே குரூப்புல போட்டிருக்கு? இதுல ஆயிரத்து நானூறு காட்டுது."

பத்துப் பேரும் அவரவர் டம்ளருக்குள் பார்த்தார்கள். உப்புத் தண்ணீர் பட்டால் கடிகாரங்கள் இப்படித்தான் உளறும் என்றார் விஸ்வநாத். இது கடலில் நீந்துவதற்காகவே செய்த கடிகாரம் என்றாள் சோனியா. அப்படியென்றால் கடல் மாறியிருக்கும் என்றார் மாரிச்செல்வம்.

ஜுமைலா டம்ளர்களை வாங்கிக் கழுவினாள். ஒரு ரவிக்கையில் கால் அங்குலம் தப்பினாலும் அவளுக்குத் தூக்கம் வராது; இது அறுநூறு மீட்டர்.

மறுநாள் ஃப்ளாஸ்க்கைச் சுவரில் வைத்துவிட்டு, ஜலதோஷம், இன்றைக்கு இறங்கவில்லை என்றாள். அவர்கள் தண்ணீருக்குள் போனதும் பவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நடைபாதையில் தெற்கே நடந்தாள். முதல் நாள் அல்தாஃப் அவளுக்குக் காட்டிய டின், ஒரு பாதாம் மரத்துக்கு நேரே இருந்தது. அவள் பாதாம் மரத்தைத் தாண்டினாள். இளநீர் வண்டியைத் தாண்டினாள். உடைந்த பெஞ்சைத் தாண்டினாள். அதற்கப்புறமும் நல்ல தூரம் போன பிறகுதான், கடலில் ஆரஞ்சு டின் ஆடிக்கொண்டிருப்பது தெரிந்தது.

அதைவிடச் சுவாரசியமான இன்னொன்றும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. டின்னைச் சோனியா மட்டும் சுற்றினாள். மற்ற ஒன்பது பேரும் பாதாம் மரத்தைக் கொஞ்சம் தாண்டியதும் மல்லாந்து மிதந்து, வானிலை பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? சாயாவுக்காக டின்னைத் தள்ளித் தள்ளிப் போட்டதில், அது அவர்களுக்கே எட்டாத தூரத்துக்குப் போய்விட்டிருந்தது. இதற்கு மேல் தனக்கு வராது என்று ஜுமைலா நினைத்த இடம், அவர்களில் யாருமே மாதக்கணக்காகப் போகாத இடம்.

ஜுமைலா உடைந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் கோபம் வந்தது. பிறகு, தான் இத்தனை தூரம் நீந்தியிருக்கிறோம் என்பது மெல்ல உறைத்தது. கோபம் இருந்த இடத்திலேயே இன்னொன்றும் வந்து நெருக்கி உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள் காலை, வள்ளத்தைத் தள்ளப் போன அல்தாஃபின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மோனே, நேத்து டின்னு கிடந்த எடம் ஓர்மை இருக்கா?"

"உண்டு, இத்தா."

"அங்கேயே போடு. ஒரு சாண் நீங்கக் கூடாது."

அல்தாஃப் அவள் முகத்தைப் பார்த்தான். பவர் கண்ணாடி போட்டிருந்தாள். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அன்றைக்கு அவன் துடுப்புப் போட்ட அழகைப் பார்த்தால், பழைய கடனைத் தீர்க்க உழைக்கிறவன் மாதிரி இருந்தது.

ஜுமைலா நீந்தினாள். கை ஓயும் இடம் வந்தது, ஓய்ந்தது. ஆனால் இது எந்த இடம் என்று இப்போது அவளுக்குத் தெரியும். மல்லாந்து படுத்து இருபது மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் திரும்பினாள். ஆரஞ்சுப் பொட்டு பெரிதாயிற்று, டின் ஆயிற்று, பெயின்ட் உரிந்த தகரம் ஆயிற்று. இடது கையால் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சுற்றினாள். வள்ளத்தில் இருந்த அல்தாஃப் எழுந்து நிற்கப் பார்த்து, வள்ளம் ஆடியதால் உட்கார்ந்துகொண்டான்.

அவள் கரையேற முக்கால் மணி நேரம் கூடுதலாயிற்று. பத்துப் பேரும் சோனியாவும் கைதட்டினார்கள். விஸ்வநாத் வாழ்த்துரைக்குத் தொண்டையைச் செருமினார். ஜுமைலா முக்காட்டைப் பிழிந்துகொண்டே கேட்டாள்:

"சாரே, அந்த ஒம்பதாம் விதி எப்படி? கொஞ்சம் சொல்லுங்க."

விஸ்வநாத் சொன்னார். 'அன்றைய டின்னை' என்னும் இடத்தில் அவர் குரல் இறங்கத் தொடங்கி, 'மறுநாள்' வரும்போது காணாமலே போனது.

"இன்னைக்கி டின்னச் சுத்துனது நானும் இந்தப் பொண்ணும். நாளைக்கி சாயா ஆரு?"

அல்தாஃப் மட்டும், தானும் வள்ளத்தில் டின்னைச் சுற்றித்தானே வந்தேன் என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தான். வள்ளம் வேண்டுமானால் சாயா கொண்டுவர வேண்டாம் என்றாள் ஜுமைலா.

மறுநாள் கடல் சுவரில் பத்து ஃப்ளாஸ்க் வரிசையாக நின்றன. ஜுமைலா முதலாவதிலிருந்து தொடங்கினாள். மாரிச்செல்வத்தின் சாயாவைக் குடித்து, கார்ப்பரேஷன் தண்ணீரை இவ்வளவு சுத்தமாக இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். வைட்டிலாக்காரர் சாயா இரண்டு பஸ் மாறி வந்ததில் ஆறியிருந்தது. விஸ்வநாத், சாயா இலையை அளந்து போட ஒரு விதி இருப்பது தனக்கு இத்தனை காலம் தெரியாமல் போனதற்கு வருந்தினார். எல்லாருடைய கண்களும் ஜுமைலாவின் பையைத் துழாவின. பையில் ஒரு துண்டும் சீப்பும் இருந்தன.

அடுத்த நாள் டின் தானாகவே பாதாம் மரத்துக்கு நேரே வந்துவிட்டது. எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒன்பது பேரும் பரபரவென்று நீந்திப்போய் அதைச் சுற்றிவிட்டு, தப்பித்த மகிழ்ச்சியில் சுவரில் வந்து உட்கார்ந்தார்கள். அல்தாஃபும் வள்ளத்தைக் கட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை நீந்திச் சுற்றிவிட்டு வந்தான். இப்போது விதிப்படி சாயா கொண்டுவர வேண்டியவர் ஒருவரும் இல்லை. அது நல்ல செய்திதான் என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டார்கள். காற்று ஈரத்தில் அடித்தது. பல்லும் தந்தி அடித்தது.

"இத்தா எவிட?" என்றாள் சோனியா.

பாதாம் மரத்துக்கு அப்பால் பார்த்தார்கள். டின்னை என்றோ தாண்டிவிட்டிருந்த ஒரு கறுப்பு முக்காடு, இளநீர் வண்டிக்கு நேரே, அவசரமே இல்லாமல் தெற்கே போய்க்கொண்டிருந்தது. நனைந்த உடம்போடு அல்தாஃப் மறுபடி வள்ளத்தை அவிழ்த்தான். பின்னாலேயே போய், இத்தா, எதுவரைக்கும் போகிறீர்கள் என்று கேட்டான். அவள் முகம் தண்ணீருக்குள் இருந்தது. மூச்சுக்குத் திரும்பியபோது அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி முகத்தைத் தண்ணீருக்குள் போட்டாள். அவன் துடுப்பைப் போட்டுக்கொண்டு கூடவே போனான்.