எர்லன் மைதானத்தின் நிழல் பக்கம்

ஃப்ரிடோலின் ட்ரூம்பி நீடர்பாக் கால்பந்துக் கிளப்பின் மைதானக்காரர். மனைவி இறந்தபின் எர்லன் மைதானத்தின் மேற்கு வாசலை ஒட்டிய இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். புல் வெட்டுவது, கோடு போடுவது, வலை கட்டுவது, பனி அள்ளுவது எல்லாம் அவர் பொறுப்பு. எங்கள் பள்ளத்தாக்கில் வயது பார்த்துப் பேசும் வழக்கம் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கும் அவர் ஃப்ரிடோதான், நீதான்.

அவரைப் பற்றி எழுதினால் ஒரே ஒரு பருவத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. மற்றவை ஒன்றுபோல் கழிந்தன.

அதற்கு முந்தைய மே மாதம் எங்கள் கிளப் தேசிய லீகில் மூன்றாம் இடம் பிடித்தது. முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றோம். ஜூனில் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து மைதானத்தைச் சோதித்தார்கள். விளக்கு வெளிச்சம் போதாது, புல்லுக்கு அடியில் வெப்பக் குழாய் இல்லை என்றார்கள். உள்நாட்டு ஆட்டங்களுக்கு இவை இரண்டிலும் எங்களுக்கு விலக்கு இருந்தது. ஐரோப்பாவுக்கு இல்லை. ஆகவே எங்கள் 'சொந்த மைதான' ஆட்டங்கள் ஒரு மணி நேரத் தொலைவில், வாடகைக்கு எடுத்த அரங்கில் நடந்தன.

முதல் ஆட்டம் எஸ்தோனியக் குழுவோடு. ஃப்ரிடோ எர்லனின் மூலைக் கொடிகள் நான்கையும் துணியில் சுற்றி ரசிகர்கள் பஸ்ஸில் எடுத்துப் போனார். "எங்ககிட்ட கொடி இருக்குங்க" என்று அரங்கத்துக்காரர் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிட்டார். ஆட்டம் முழுவதும் கொடிகள் ஃப்ரிடோவின் மடியில் இருந்தன. அன்று 2-0 என்று வென்றோம். அடுத்த ஆட்டத்துக்கு அவர் வரவில்லை.

எஸ்தோனியக் குழுவையும் நார்வேக் குழுவையும் தாண்டி, சைப்ரஸ் குழுவை பெனால்டியில் வென்று, பிரதானச் சுற்றுக்குள் போனோம். அங்கே ஆறு ஆட்டம்: ஒரு வெற்றி, ஒரு சமன், நான்கு தோல்வி. அந்த ஒரு வெற்றியின் கோலை அடித்தவன் எங்கள் கேப்டன் செவெரின். ரொட்டிக்கடைக்காரர் மகன், எர்லனின் பக்கத்து வயலில் பந்து உதைத்து வளர்ந்தவன், ஃப்ரிடோவின் ஞானமகன். ஞானஸ்நானத்தின்போது அவனைக் கையில் ஏந்தியவர் ஃப்ரிடோதான். அந்தக் கோலைப் பார்த்த ஒரு ஜெர்மன் கிளப், கோடையில் அவனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியது.

ஐரோப்பாவில் ஆடியதற்கான விலையை லீகில் கொடுத்தோம். வியாழனன்று வெளிநாடு, ஞாயிறன்று லீக். கால்கள் தாங்கவில்லை. டிசம்பரில் பன்னிரண்டு குழுக்களில் பதினொன்றாவதாக இருந்தோம். மிச்சமிருந்தது தேசியக் கோப்பை மட்டும். அதன் கால் இறுதியில் தலைநகரக் குழுவோடு ஆட வேண்டும் என்றும், ஆட்டம் எர்லனில் என்றும் சீட்டு விழுந்தது.

பிப்ரவரிக் கடைசி வாரம் அது. மைதானத்தில் முழங்கால் ஆழம் பனி. கிளப் தலைவி ரெகுலா ஹெஃப்டி, மர அறுவை ஆலை நடத்துபவர், நேராக மைதானத்துக்கே வந்தார்.

"ஃப்ரிடோ, தலைநகரத்துக்கே மாத்திக்கலாம்னு அவங்க கேக்கறாங்க. அங்க இருபதாயிரம் பேரு பாப்பாங்க. இங்க நாலாயிரம், அதுவும் கால் விறைச்சுப்போயி."

"ஐரோப்பாவ எடுத்துட்டுப் போனீங்க, நான் வாயத் தொறக்கல. இது நமக்கு விழுந்த சீட்டு. இங்கதான் நடக்கணும்."

"இந்தப் பனிய என்ன பண்ணுவ? நக்கி எடுப்பியா?"

"எடுத்துக் காட்டறேன்."

"சரி, காட்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் கால்பந்துச் சங்கத்து ஆளு வர்றாரு. அவரு கண்ணுக்குப் பச்சை தெரியலன்னா ஆட்டம் இங்க கெடையாது. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத."

பனி அள்ளுவதில் ஃப்ரிடோவுக்கு ஒரு முறை உண்டு. மேலே உள்ளதை எடுத்துவிட்டு ஒரு விரல் கனத்துக்குப் பனியைப் புல்லின்மேல் விட்டுவைப்பார். அது போர்வை. அதை ஆட்டத்தன்று காலையில் பலகையால் வழிப்பார். அடியில் மண் மென்மையாக இருக்கும். ஆனால் விரல் கனப் பனி இருந்தால் வெள்ளிக்கிழமை பச்சை தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை ஊரே மண்வெட்டியோடு வந்தது. பார்லி சூப்பு கொதித்தது. புல் தெரியும்வரை சுரண்டும்படி ஃப்ரிடோ சொன்னதைக் கேட்டதும் கசாப்புக்கடை யோஸ்ட் நிமிர்ந்தார்.

"கொஞ்சம் விட்டுவைக்கணும்னு நீதானே வருஷா வருஷம் எங்க உசுர எடுப்ப?"

"இன்னிக்கு வேண்டாம். அங்க பாரு, மலையை."

யோஸ்ட் பார்த்தார். தெற்கு முகடு ஒவ்வொரு பாறையும் தெரியும்படி தெளிந்து, ஊருக்குப் பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்தது.

"ஆமாடா. கைய நீட்டினா தொட்டுடலாம் போல."

மலை அப்படிக் கிட்டே வந்தால் தெற்கிலிருந்து வெப்பக் காற்று இறங்கும், ஒரே இரவில் தரை இளகிவிடும். இது எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். யாரும் மறுத்துப் பேசவில்லை. மூலை வரைக்கும், கோட்டு ஓரம் வரைக்கும், வீட்டு முற்றத்தைப் போல் சுத்தமாகச் சுரண்டினார்கள். சங்கத்து ஆள் வந்தார், பச்சையைப் பார்த்தார், ஃப்ரிடோவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

காற்று வரவில்லை. அது ஞாயிறு மாலைதான் வந்தது.

ஆட்ட நாளான சனிக்கிழமை வானம் ஒரு மேகமும் இல்லாமல் விடிந்தது. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு. வெயில் விழும் பக்கம் மதியத்துக்குள் கொஞ்சம் இளகியது. மலை நிழல் விழும் தெற்கு ஓரம், வெறும் புல்லோடு, கல்லாகக் கிடந்தது.

நடுவர் வந்து குதிகாலால் தரையைக் குத்திப் பார்த்தார். வெயில் பக்கம் தடம் விழுந்தது. நிழல் பக்கம் சத்தம் மட்டும் வந்தது. எர்லனில் ஒரு வழக்கம்: எந்த நடுவரும் ஃப்ரிடோவை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு சொல்ல மாட்டார்.

"இந்தப் பக்கம் எனக்குப் பயமா இருக்கு. நீங்க சொல்லுங்க, ஆடலாமா?"

செவெரின் பக்கத்தில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தான். கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஃப்ரிடோ தெற்கு முகட்டை ஒருமுறை பார்த்தார்.

"ஆடலாம்" என்றார்.

முதல் பாதியில் செவெரின் கோல் அடித்தான். 1-0. அறுபத்தோராம் நிமிடம் நிழல் ஓரத்தில் பந்தைத் துரத்திப் போய்த் திரும்பினான். பூட்ஸின் குமிழ்கள் தரையில் இறங்கவில்லை. கால் ஒரு பக்கம் வழுக்கியது, உடம்பு மறுபக்கம் விழுந்தது. யாரும் அவன்மேல் மோதவில்லை. தூக்குப் படுக்கை அவன் அருகில் போகும்போது, தூக்கியவர்களே இருமுறை வழுக்கினார்கள். 1-2 என்று தோற்றோம்.

முழங்காலில் தசைநார் இரண்டு அறுந்து, எலும்பும் உடைந்திருந்தது. ஜெர்மன் கிளப் பூங்கொத்து அனுப்பியது. வேறு பேச்சு வரவில்லை.

அறுவை முடிந்ததும் ஃப்ரிடோ போய்ப் பார்த்தார். அவரோடு போயிருந்த யோஸ்ட் பிறகு என்னிடம் சொன்னது இது.

"ஏன் கதவுகிட்டயே நிக்கிற? உள்ள வா. இது ஒண்ணும் தொத்து வியாதி இல்ல" என்றான் செவெரின்.

ஃப்ரிடோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தரை எப்படி இருந்துச்சுன்னு எனக்கும்தான் தெரியும், ஃப்ரிடோ. வேண்டாம்னு நான் சொல்லியிருக்கலாம்ல?"

"உன்ன அவரு கேக்கல. என்னத்தான் கேட்டாரு."

"சரி, கேட்டாரு. இப்ப உக்காரு."

அவர் உட்காரவில்லை.

ஊரில் யாரும் நேராகக் குறை சொல்லவில்லை. விடுதியில் மட்டும் ஒருவன் பீரைத் தூக்கிக்கொண்டு கேட்டான்: "ஃப்ரிடோ, நாளைக்கு வைக்கோல் காயப்போடலாமா? உன்கிட்டத்தான் மலை பேசுமே." சிலர் சிரித்தார்கள். யோஸ்ட் அவனை வெளியே போகச் சொன்னார். ஃப்ரிடோ தன் சூப்பை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். பிறகு அந்த விடுதிக்கு வரவில்லை.

கேப்டன் இல்லாத குழு மார்ச்சிலிருந்து இரண்டே ஆட்டம் வென்றது. மே மாதக் கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது கடைசி இடத்தில் இருந்தோம். வென்றால் தப்பிக்க வழியிருந்தது. தோற்றாலும் சமன் செய்தாலும் இரண்டாம் பிரிவுக்கு இறக்கம்.

அன்று எர்லன் புல் அத்தனை நன்றாக இருந்தது. நிழல் ஓரத்திலும் வெயில் விழுந்தது. கோடுகளில் ஒரு பிசிறு இல்லை. செவெரின் ஊன்றுகோலோடு தடுப்புக் கம்பியில் சாய்ந்து நின்றான். நடுவர், பிப்ரவரியில் வந்தவர் அல்ல, வேறொருவர், வழக்கப்படி ஃப்ரிடோவிடம் வந்தார்.

"அருமையா வச்சிருக்கீங்க. ஆடலாமில்ல?"

ஃப்ரிடோ கையிலிருந்த கொடிக்கம்பின் மண்ணைத் துடைத்தார். நடுவர் காது கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டார்.

"ஆடலாம்னு சொல்லேன், ஃப்ரிடோ" என்றான் செவெரின் கம்பிக்கு அப்பாலிருந்து. "புல்லு நல்லாத்தானே இருக்கு."

"நீங்களே பாத்துக்குங்க" என்றார் ஃப்ரிடோ நடுவரிடம். கையிலிருந்த நான்காவது மூலைக் கொடியை அவரிடமே கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

நடுவரே போய் அதைத் தெற்கு மூலையில் நட்டார். ஆட்டம் 0-0 என்று முடிந்தது. ஃப்ரிடோவின் வீட்டு ஜன்னல் மைதானத்தைப் பார்த்தது. அதன் மரக்கதவுகள் கடைசி வரை சாத்தியே இருந்தன.