பாதி விலைக்கு வந்த பாத்திரங்கள்

பெரிய மருத்துவமனையின் பின்பக்கத்தில் சலவைக்கூடம் இருக்கிறது. நோயாளிகளின் படுக்கை விரிப்புகள் இயந்திரத்தில் வெந்து, உலர்ந்து, சுடச்சுட வெளியே வந்து விழும். அவற்றை மடித்து அடுக்குவதுதான் மடிப்பக்காவின் வேலை. அவளுக்குப் பெற்றோர் வைத்த பேர் ஒன்று உண்டு. அது சம்பளக் கவரின் மேலே மட்டும் இருக்கும். மேஸ்திரி முதல் பெரிய நர்ஸம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவள் மடிப்பக்காதான்.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். சேர்ந்த கையோடு மறுபடி விலக வேண்டும். இயந்திரம் போடுகிற இரைச்சலில், கிட்டே வரும்போதுதான் பேச முடியும். அதனால் அங்கே எந்தக் கதையானாலும் துண்டு துண்டாகத்தான் நடக்கும். மறுமுனையைப் பிடிப்பவள் நெடுநெடுவென்று வளர்ந்தவள். ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பாள்.

"என்னக்கா, கண்ணு ரெண்டும் கோவைப்பழமா இருக்கு?"

விலகினார்கள். உதறினார்கள். சேர்ந்தார்கள்.

"என் மருமக தனியாப் போகணுங்கறா."

அடுத்த விரிப்பு.

"உன்கிட்டயே சொன்னாளா?"

"என்கிட்ட எதுக்குச் சொல்றா? தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன்கிட்ட சொன்னா. காதுல விழுந்துச்சு."

மடிப்பக்காவின் வீடு ஒரே அறைதான். மகனுக்குக் கல்யாணம் ஆனபோது நடுவில் பலகைத் தடுப்பு ஒன்று அடித்து இரண்டாக்கினார்கள். தடுப்பு மேலே கூரையைத் தொடாது. அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் தெரியும். அதனால் அந்த வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. தடுப்பைத் தாண்டி வருகிற பேச்சு காதில் விழுந்தாலும் விழாததுபோல இருந்துவிட வேண்டும். காலையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. முகத்திலும் காட்டக் கூடாது. மூன்று பேரும் அப்படித்தான் ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு வந்தார்கள்.

இந்த முறை விழுந்தது லேசான பேச்சு இல்லை.

"இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு சட்டி உண்டா? ஒரு முட்டை பொரிக்கணும்னாலும் அவங்க சட்டியத்தான் எடுக்கணும். நான் தனியாப் போறேங்க. என்னால முடியல."

அதற்குப் பிறகு தெருவில் ஏதோ வண்டி போனது. மகன் என்ன பதில் சொன்னான் என்று கேட்கவில்லை. அவனுக்கு எப்போதுமே தணிந்த குரல். அவன் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான் என்று மடிப்பக்கா நினைத்தாள். அந்த நினைப்பைத்தான் காலையில் வேலைக்கு வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

மகன் தவழ்கிற வயதில் அவனுடைய அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று முதல் அவளுக்கு இந்த உலகத்தில் இரண்டே இடம்: சலவைக்கூடம், அடுப்படி. சலவைக்கூடத்தில் அவள் நூறு பேருக்குக் கீழே. அடுப்படியில் அவளுக்கு மேலே கடவுள் மட்டும்தான். மருமகள் வந்த பிறகும் அது மாறவில்லை. அந்தப் பெண் துணிக்கடையில் பில் போடுகிறவள். நாளெல்லாம் நின்றுவிட்டு வருவாள். வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் கரண்டியை எடுத்தால், மடிப்பக்கா அவள் கையில் இருக்கிற கரண்டியை வாங்கிக்கொண்டு, "நீ போய் உக்காரு கண்ணு, நான் இருக்கேன்ல" என்பாள். அது பாசம்தான். அதில் கள்ளம் கபடு ஒன்றும் இல்லை. ஆனால் கரண்டியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போகிறவளுக்கு எப்படி இருக்கும் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. மடிப்பக்காவை அப்படி யாரும் உட்காரச் சொன்னதே இல்லையே, பாவம், எப்படித் தெரியும்?

"சட்டிதான் குறைன்னா சட்டி வாங்கிக் குடுத்துட்டுப் போயேன்" என்றாள் ஒட்டடைக்குச்சி. "கடைத்தெருவுல பாதி விலைக்குப் போட்டிருக்கான். செட்டா தர்றான். உன் சட்டியப் பாத்தா எனக்கே பயமா இருக்கும்க்கா. எது அடி, எது கரின்னு தெரியாது."

மடிப்பக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரிதான், என் பாத்திரம் அப்படித்தான் கிடக்கிறது, சின்னப் பெண் கை வைக்க அருவருப்பாள்தானே என்று நினைத்தாள். மலைபோல வந்தது ஒரு சட்டியோடு தீர்ந்துவிடும் போலத் தோன்றியது.

வேலை முடிந்ததும் கடைக்கு இரண்டு பேருமாகப் போனார்கள். வாசலிலேயே தள்ளுபடி என்று சிவப்புத் துணி கட்டியிருந்தது. உள்ளே ஒருவன் அடுப்பு மூட்டி, எண்ணெய் இல்லாமல் முட்டையை ஊற்றி, சட்டியைச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தான். முட்டை வழுக்கிக்கொண்டு போய்த் தட்டில் விழுந்தது.

"பாத்துக்குங்கம்மா! கரண்டியே வேணாம். தானா வழுக்கிட்டு வரும்!"

"எங்க கையில இருக்கிற காசும் அப்படித்தான் வழுக்கிட்டு வரும்" என்றாள் ஒட்டடைக்குச்சி. "பாதி விலைங்கறியே, இதுல என்ன கோளாறு?"

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்லக்கா. இந்தக் கலர் இனிமே கம்பெனியில வராது. அவ்வளவுதான்."

பச்சை நிறம். புதுத் தளிர் மாதிரி இருந்தது. அகலச் சட்டி ஒன்று, குழிச் சட்டி ஒன்று, பால் காய்ச்சச் சின்னதாக ஒன்று. எல்லாவற்றுக்கும் கண்ணாடி மூடி. மூடி வழியாக உள்ளே வேகிறது தெரியுமாம். மடிப்பக்கா பயந்து பயந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "கடவுளே, இதுல வேகறது என் வீட்டு அடுப்புலயே வேகட்டும்" என்று வேண்டிக்கொண்டாள்.

"யாருக்கும்மா?" என்றான் கடைக்காரன்.

"என் மருமகளுக்கு."

"மாமியார் வாங்கித் தர்றதா? இந்த மாதிரி மாமியார் இருந்தா எனக்கும் சொல்லுங்க, நான் இன்னும் கல்யாணம் பண்ணிக்கல."

பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அணைத்துப் பிடித்திருந்ததில் முன்னால் யார் நிற்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. "குழந்தைக்கு டிக்கெட் எடுக்கலையாம்மா?" என்று கண்டக்டர் கேலி செய்தார். வெட்கப்பட்டுச் சிரித்தாள். இனிமேல் காலையில் நான், மாலையில் நீ என்று சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். அவள் சமைக்கும்போது குறுக்கே போகாமல் வாசலில் உட்கார்ந்துகொள்ளலாம். கஷ்டம்தான், பழகிவிடும்.

வீட்டில் யாரும் வந்திருக்கவில்லை. பெட்டியை அடுப்படியில் வைக்கலாம் என்று பார்த்தாள். அங்கே தன் கரிச்சட்டிகளுக்கு நடுவே வைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் துலக்கி இடம் பண்ணிய பிறகு வைத்துக்கொள்ளலாம். அதுவும் தவிர, இது அவளுக்கென்று வாங்கியது. அவள் கையால் பிரித்து அவளே கொண்டுவந்து வைக்கட்டும். அதனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், அவர்கள் கட்டிலின் மேல் பெட்டியை வைத்துவிட்டு வந்தாள். ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சொன்னால் தடுப்பு வழியாகக் கேட்டேன் என்றல்லவா ஆகிவிடும்.

மகனும் மருமகளும் சேர்ந்தே வந்தார்கள். உள்ளே போனார்கள். பெட்டியைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. மடிப்பக்கா அடுப்பின் முன்னால் காது கொடுத்துக்கொண்டு நின்றாள். அடுத்துக் கேட்டது மருமகளின் விசும்பல். சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த அழுகைக்கு வேறு ஓசை.

மகன் வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவன் அப்படிப் பிடித்ததில்லை.

"உனக்கு எல்லாம் தெரியுமாம்மா?"

"பெத்தவளுக்குத் தெரியாமப் போகுமாடா?"

"எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டே இருந்தேன். உன் மனசு என்ன பாடுபடுமோன்னு சோறே இறங்கல எனக்கு."

"இதுக்கு எதுக்குடா தவிப்பு? என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?"

"கேக்க வாய் வரலியே." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒண்ணாம் தேதி சாவி தர்றாங்கம்மா. சின்ன வீடுதான். அடுப்படி மட்டும் நல்ல வெளிச்சம். அவளுக்கு அதான் பிடிச்சுப் போச்சு."

அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது. அவள் அணைக்கவில்லை. மகன்தான் கையை நீட்டி அணைத்தான்.

மருமகள் வந்து கட்டிக்கொண்டாள். வந்த நாளிலிருந்து அவள் அத்தையைத் தொட்டதே இல்லை. "எங்கம்மாகூட இப்படி யோசிச்சு வாங்கியிருக்க மாட்டாங்க அத்தை. புது வீட்டுக்குன்னு நான் மனசுல நெனச்ச அதே பச்சை. நீங்க வருத்தப்படுவீங்கன்னு நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா? உங்களை நான் தப்பா நெனச்சுட்டேன் அத்தை."

அந்த இடத்தில் மடிப்பக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இது இந்த வீட்டுக்கு, நீங்கள் போகாமல் இருப்பதற்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் பார்த்தாள்.

"இங்கயே வச்சு சமைக்கலாம்ல?"

மகன் சிரித்தான். பாரம் இறங்கிய சிரிப்பு. "இங்க எங்கம்மா இடம் இருக்கு? உன் சட்டிய வைக்கவே இடம் இல்ல!"

மருமகளும் சிரித்தாள். மடிப்பக்கா இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். இப்படிச் சிரித்த முகங்கள் இந்த வீட்டில் என்றைக்கு இருந்தன? அந்தச் சிரிப்பை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. "மூடியெல்லாம் கண்ணாடி" என்றாள். "போகும்போது துணி சுத்தி எடுத்துட்டுப் போங்க."

மறுநாள் சலவைக்கூடத்தில் ஒட்டடைக்குச்சி ஆவலாகக் கேட்டாள். "என்னக்கா சொன்னா மகாராணி?"

"ரொம்பப் பிடிச்சுருச்சு" என்றாள் மடிப்பக்கா. விலகிப் போனார்கள். திரும்பி வந்து முனை சேர்த்தபோது ஒட்டடைக்குச்சி அவள் முகத்தைப் பார்த்தாள். அன்று முழுக்க அவர்கள் வாய் திறக்காமல்தான் மடித்தார்கள்.

புது வீட்டுக்குப் போய்க் கொஞ்ச காலம் ஆனதும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மடிப்பக்கா இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். அடுப்படியில் வெளிச்சம் இருந்தது. மகன் சொன்னது சரிதான். பச்சைச் சட்டிகளைக் கண்ணில் படும்படி சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். மருமகள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மீன் பொரித்தாள். அவள் பாடுவாள் என்பதே மடிப்பக்காவுக்கு அன்றுதான் தெரியும். "நீங்க விருந்தாளி அத்தை, எந்திரிக்கவே கூடாது" என்று நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். மீன் நன்றாகவே இருந்தது. உப்பு ஒரு பொட்டுக் குறைவு. அதை அவள் சொல்லவில்லை.

சாப்பிட்ட பிறகு மகனும் மருமகளும் மாடியில் காய்ந்த துணி எடுக்கப் போனார்கள். சும்மா உட்கார அவளுக்கு ஆகவில்லை. கைக்கு வேலை கொடுத்தால் சரியாகும் என்று எழுந்துபோய்ப் பொரித்த சட்டியை எடுத்தாள். தொட்டியின் ஓரத்தில் தட்டு தேய்க்கிற கம்பி நார் கிடந்தது. அவளுக்குத் தெரிந்தது ஒரே விதம்தான்: பாத்திரம் என்றால் கை வலிக்கத் தேய்க்க வேண்டும், பளபளக்க வேண்டும். பிள்ளைக்குச் செய்ய இந்த ஒரு வேலைதான் மிச்சம் என்பதுபோல மூச்சைப் பிடித்துத் தேய்த்தாள். கறுப்பு வரவர இன்னும் அழுத்தினாள். கரி போகிறது என்றுதான் நினைத்தாள்.

"அத்தை! ஐயோ, என்ன பண்றீங்க?"

மருமகள் துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். சட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். உள்பூச்சு கீறிக் கீறி, அடியில் வெள்ளைத் தகரம் தெரிந்தது.

"கம்பி நாரால தேய்க்கவே கூடாது அத்தை. இனிமே எல்லாமே ஒட்டும்." பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரி, விடுங்க. பரவாயில்ல" என்றாள். சட்டியைத் திரும்பச் சுவரில் மாட்டவில்லை. அடுப்பு மேடைக்கு அடியில், கதவுக்குப் பின்னால் வைத்தாள்.

"எனக்குத் தெரியலம்மா."

"தெரியும் அத்தை. நீங்க வேணும்னேவா பண்ணுவீங்க?"

அவள் நல்ல பெண். அதனால்தான் அது இன்னும் வலித்தது.

பேருந்து நிறுத்தம் வரை மகன் கூட வந்தான். அவன் நடை கொஞ்சம் முன்னால், அவள் நடை கொஞ்சம் பின்னால்.

"அவகிட்ட சொல்லு, அதே மாதிரி வேற வாங்கித் தரேன்னு."

"அந்தக் கலர் இனிமே வராதும்மா."

"வேற கலர்..."

"வேணாம்மா. இனிமே எங்களுக்கு எதுவும் வாங்காதே." கோபமாகச் சொல்லவில்லை. அவனுடைய வழக்கமான தணிந்த குரலில்தான் சொன்னான். "நீயும் வேலை முடிச்சு இவ்வளவு தூரம் அலையாதே. நேரம் கிடைக்கும்போது நானே வந்து உன்னைப் பாக்கறேன்."

"எப்ப வருவே?"

"வரேம்மா."

பேருந்து வந்தது. முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது அவன் முதுகுதான் தெரிந்தது. தன் வீட்டுப் பக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்தான். மடிப்பக்கா கைகளை மடியில் சேர்த்துக்கொண்டு கண்ணை மூடினாள். "கடவுளே" என்றாள். இத்தனை காலமும் அந்தச் சொல்லுக்குப் பிறகு வருவது மகனுடைய பேர்தான். அவன் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான். அவன் நன்றாகத்தான் இருக்கிறான். மேலே என்ன கேட்பது என்று தெரியாமல், திறந்த வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள்.