கருவாட்டுப் பாயில் காய்ந்த தனியலை

பிளாஸ்மா ஆராய்ச்சி சுகமான தொழில். ஆராயும் அலையைக் கண்ணால் பார்க்கவேண்டிய கட்டாயம் கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஏரித்தீவான பசியாவரத்திலிருந்து படகேறிப் பட்டணம் போய் அதைச் செய்தவன் நான். இதே வியாதி கண்ட சக ஆய்வாளர்களே, நீங்களாவது சிரிக்காமல் கேளுங்கள்.

என்ன வேலை

மின்னேற்றம் கொண்ட வாயுவில் சூடான எலக்ட்ரான், குளிர்ந்த எலக்ட்ரான், அயனி எல்லாம் கலந்து கிடக்கும். அதில் தனியலை என்னும் ஒற்றை அலை உருவம் கலையாமல் ஓடும் என்று என் அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, விளக்கினேன். வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். அடுத்த பங்குனிக்குள் பட்டம் வராவிட்டால் மீன்பிடிக்கப் படகில் ஏறிவிட வேண்டும் என்று கெடு வைத்தார். பிறகு கேட்டார்: "வந்துட்டு ஒண்ணும் பண்ணாம போற அலைக்கா இவ்ளோ படிப்பு?"

எங்கள் முறை

பட்டணத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே கணினி. கணக்கைத் துளைகளாகப் போட்ட அட்டைக்கட்டை நம் முறை வரும் நாளில் கொடுக்க வேண்டும். தவறினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஏரியில் வலைபோடும் இடத்துக்கும் எங்கள் ஊரில் இப்படித்தான் முறை உண்டு; அதைப் பாடு என்போம். அதுவரை என்னைத் தண்டச்சோறு என்றே அழைத்துவந்த அண்ணன் இதைக் கேட்ட அன்றுதான் மரியாதையாகப் பார்த்தான். "பாடு தவறுனா பட்டினின்னா, அப்ப இதுவும் தொழில்தான்டா."

அம்மாவின் கைவேலை

கெடுவுக்குள் கணினியில் எனக்கு ஒரே ஒரு முறைதான் மிச்சமிருந்தது. திருத்துவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்த அட்டைக்கட்டு படகிலேயே நனைந்துவிட்டது. அம்மா கருவாட்டுப் பாயில் பரப்பிக் காயவைத்தாள். அதோடு விடாமல் அடுக்கியும் கொடுத்தாள். அட்டையின் வரிசை மாறினால் கணக்கு செத்தது. அவளோ சந்தைக்கு நெத்திலி அடுக்கிப் பழகியவள். "ஓட்டை கம்மியா கீறதை மேல வச்சிருக்கேன். மோசமானதெல்லாம் அடியில, யாரும் பாக்க மாட்டாங்க."

மணம்

பேருந்தில் மடிமேல் வைத்து மறுபடி வரிசைப்படுத்தினேன். ஊறிப் புடைத்த அட்டைகளை இயந்திரம் கடித்துத் துப்பியது. இனி படகுதான் என்று உண்மையிலேயே பயந்துபோனேன். கணினியை இயக்குபவர் ஓர் அட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார். தன் சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் புது அட்டைகளில் துளைத்து ஓட்டிக்கொடுத்தார். "நெத்திலிதானே? அடுத்த தடவை வெறும் அட்டையா கொண்டு வந்துடாதீங்க, சார்."

பலன்

அச்சில் அலை வந்தது. மேடாக அல்ல, பள்ளமாக. அதுதான் புதுமை என்று பட்டமும் கொடுத்தார்கள், பங்குனிக்குச் சற்று முன்பே. நைனா அலை அச்சான தாளைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். "அலையைப் பிடிக்கப் போனவன் பள்ளத்தைப் பிடிச்சாந்துகீறான். படகுல உன் எடத்தப் போன ஐப்பசிலயே உன் மச்சானுக்குக் குடுத்துட்டேன், போ."

ஆய்வேட்டின் நன்றியுரையில் பேராசிரியரை மேலேயும் நெத்திலியை அடியிலும் வைத்த இயற்பியல் முனைவர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.