மாமாவின் வெள்ளைச் சட்டையும் அம்மாவின் சைக்கிளும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மாவுக்கு வேலை கிடைத்தது. எங்கள் பூதப்பாண்டி வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்தில் இருந்த ஆரம்பப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் வேலை. அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் இருக்கும் அறையின் சாவி அம்மா கையில். அவள் போய்த் திறந்தால்தான் அங்கே அடுப்பு எரியும். என்னையும் அதே பள்ளியில் நான்காம் வகுப்புக்கு மாற்றிச் சேர்த்துவிட்டாள்.

எல்லாம் சரியாக இருந்தது, பஸ்ஸைத் தவிர. எட்டரை மணிக்கு அவள் பள்ளியில் நிற்க வேண்டும். எங்கள் பஸ் மனம் வைத்தால் எட்டு மணிக்கு வரும், இல்லாவிட்டால் ஒன்பதேகாலுக்கு. முதல் மாதத்திலேயே நான்கு நாள் தாமதம். தலைமையாசிரியர் சத்தம் போடுகிறவர் அல்ல. இன்னொரு தடவை இப்படி ஆனால் மேலே எழுதிவிடுவேன் என்று மெதுவாகத்தான் சொன்னார். 

அப்பா லாரி ஓட்டினார். மாதத்தில் நாலைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். அதனால் எங்கள் வீட்டில் எந்தக் காரியத்திலும் கடைசி வார்த்தை அம்மாவின் அண்ணனான என் மாமாவுடையது. மாமா துபாயில் இருந்ததால் அந்தக் கடைசி வார்த்தை வழக்கமாகப் போனில் வரும். அந்த ஐப்பசியில் அவர் லீவில் வந்திருந்தார். ஆகவே நேரிலேயே வந்தது.

“ஏட்டி, ஒனக்கு என்னத்துக்கு இந்தப் பாடு? வேலைய விட்டுரு.”

“நான் சைக்கிள் வாங்கப் போறேன் அண்ணே,” என்றாள் அம்மா.

மாமா முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். தங்கை சைக்கிளில் போவதைத் தடுக்க முடியாது என்றால், ஊர் பார்த்து வாயைப் பிளக்கும்படியான சைக்கிளாகவாவது இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்க வேண்டும். கியர் சைக்கிள்தான் வாங்க வேண்டும் என்றார். துபாயில் வெள்ளைக்காரர்கள் கடற்கரையில் எப்படியெல்லாம் ஓட்டுகிறார்கள் என்று இரவுச் சாப்பாடு முடியும்வரை விளக்கினார். நான் உடனே மாமாவின் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை மூவரும் நாகர்கோவில் கோட்டாற்றில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனோம். காலையில்தான் மழை விட்டிருந்தது. கடைக்கு முன்னால் சாலை பள்ளம் விழுந்து, செம்மண் தண்ணீர் கணுக்கால் ஆழத்துக்குத் தேங்கிக் கிடந்தது. மாமா கஞ்சி போட்டதுபோல விறைத்து நின்ற வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். கடைக்காரப் பாய் அந்தச் சட்டையைப் பார்த்ததுமே உள்ளே போய், சிவப்பு நிறத்தில் ஒரு கியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அவ்வளவு அழகு.

அம்மா அதைச் சுற்றி வந்தாள். பின்னால் கேரியர் இல்லையே, பிள்ளை எங்கே உட்காருவாள் என்று கேட்டாள். செயினுக்கு மூடி இல்லையே, சேலை மாட்டாதா என்று கேட்டாள். பிறகு, “பாய், வழியில இது மக்கர் பண்ணினா மலையடிவாரத்துல யாரு சரியாக்குவா?” என்றாள்.

பாய் மாமாவை ஒருதரம் பார்த்தார், அம்மாவை ஒருதரம் பார்த்தார். “கியர் போச்சுன்னா இங்கதான் கொண்டு வரணும் தங்கச்சி. உள்ளதச் சொல்லணும்லா,” என்றார்.

“அதெல்லாம் ஒண்ணும் போவாது. இது பாரின் மாடலாக்கும்,” என்றார் மாமா.

“அப்போ நீங்களே ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க அண்ணே,” என்றாள் அம்மா. “அந்த வெள்ளத்துல எறங்கிப் போயிட்டு வாங்க. எனக்கு தெனமும் அப்படித்தானே போவணும்.”

மாமா ஏறினார். வேகமாகவே ஓட்டினார். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய், தெருமுனையில் வளைந்து, மறுபடியும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றார். ஜெயித்தவரின் முகம். நான் கைதட்டினேன். அவர் இறங்கித் திரும்பியபோதுதான் முதுகைப் பார்த்தோம். இடுப்பிலிருந்து பிடரிவரை செம்மண் சேறு பட்டையாக ஏறியிருந்தது. அந்த அழகான சைக்கிளுக்கு மட்கார்டு கிடையாது.

யாரும் சிரிக்கவில்லை. பாய் மட்டும் ஏதோ எடுப்பதுபோலக் கடைக்குள் போனார்.

அம்மா மூலையில் நின்ற ஒரு கறுப்பு சைக்கிளைக் காட்டினாள். நடுக்கம்பி இல்லாதது. தடித்த டயர், முழுக்க மூடிய செயின், இரும்புக் கேரியர், முழு நீள மட்கார்டு. தண்ணீர்ப் பானையைத் தூக்குவதுபோல அதன் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தாள். “கனம் உண்டு,” என்றாள், அது ஒரு நல்ல குணம் என்பதுபோல. இது கெட்டுப்போனால் சாயாக் கடைக்காரன்கூட நிமிர்த்தித் தந்துவிடுவான் என்றார் பாய். அம்மா சேலையை இழுத்துச் செருகினாள், என்னைக் கேரியரில் ஏற்றினாள், நேராகத் தண்ணீருக்குள் இறங்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சைக்கிளைத் தொட்டதே இல்லை என்று எனக்குத் தெரியும். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கடை வாசலில் நின்றோம். தன் முதுகைக்கூடப் பார்க்காமல் என் மஞ்சள் கவுனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொட்டு இல்லை.

மாமா பணம் எடுக்கப் பையில் கையை விடுவதற்குள் அம்மா தன் பர்ஸைத் திறந்துவிட்டிருந்தாள். நாங்கள் சைக்கிளிலேயே ஊர் திரும்பினோம். மாமா பஸ்ஸில், சீட்டில் சாயாமல் உட்கார்ந்து வந்தாராம்.

மறுவாரம் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் அடித்து, மூன்றாம் நாள் காலையில் பாதி வழியில் ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே விழுந்துவிட்டது. பஸ்கள் வரிசையாக நின்றன. அம்மா என்னை இறக்கிவிட்டு, சைக்கிளைச் சாய்த்து, மரத்துக்கும் வாய்க்கால் கரைக்கும் நடுவே இருந்த இடுக்கில் இழுத்தாள். ஹேண்டில் கிளையில் மாட்டியது. ஒரு உலுக்கு உலுக்கி எடுத்தாள். பஸ் ஜன்னல்களில் இருந்து எத்தனையோ தலைகள் எங்களைப் பார்த்தன. நான் மறுபக்கம் போய் நின்று, அந்தத் தலைகளுக்கு நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

எட்டு இருபதுக்குப் பள்ளியில் இருந்தோம். சமையல்கார அக்கா பூட்டிய கதவின் முன்னால் தாடையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும், “வந்தியா மக்கா,” என்று எழுந்த வேகத்தில் குடையை மறந்து நனைந்தாள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் அறுபது பேர் அன்று சுடுசோறும் முட்டையும் தின்றார்கள். தலைமையாசிரியர் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து, பத்தரை மணிக்கு நனைந்த கோழிபோல வந்து சேர்ந்தார். அடுக்களைப் புகையைப் பார்த்தார். சுவரில் சாய்ந்து நின்ற சைக்கிளைப் பார்த்தார். “எனக்கும் ஒரு தட்டு வையுங்க டீச்சர்,” என்றார். மேலே எழுதுவதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

மாமா துபாய்க்குப் புறப்படும் முன் வந்து, சைக்கிளின் கேரியரை அழுத்திப் பார்த்தார், மணியை ஒருதரம் அடித்தார். “கொள்ளாம்,” என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டாக அந்த ஒரு சொல் வந்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தூக்குவாளியில் புளிச்சோறு கட்டி, என்னைப் பின்னால் ஏற்றி, நாகர்கோவிலைத் தாண்டி இராஜாக்கமங்கலம்வரை மிதித்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. கடற்கரையில் சோறு தின்றோம். திரும்பும்போது, வந்த சாலையை விட்டுவிட்டு, தென்னந்தோப்புகளுக்கு நடுவே போன வேறொரு சாலையில் சைக்கிளைத் திருப்பினாள்.

“அம்மா, இது எங்க போகுது?”

“தெரியாது மக்கா,” என்று சொல்லிச் சிரித்தாள்.

வழி தெரியாததற்கு ஒருவர் இவ்வளவு சந்தோஷப்படுவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பயந்துபோய் அவள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் இன்னும் வேகமாக மிதித்தாள்.