எல்கடுவ பஸ்ஸின் பின் கண்ணாடி

படம் இல்லாத போஸ்டரை யார் பார்ப்பார்கள் என்று மாத்தளைக் கடைத்தெருவில் அச்சகம் வைத்திருந்தவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். அன்று வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. வீட்டு முன்னறையில், மரச்சட்டத்தில் ஆர்கண்டித் துணியை இழுத்துக் கட்டி, ரப்பர் பட்டையால் மையைத் தள்ளி அச்சடிப்பது என் தொழில். எனக்குப் படம் வராது. எழுத்து வரும். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே வாசிக்கக்கூடிய தடித்த எழுத்து.

எழுபதுகளின் தொடக்கம், கடைகளில் காகிதத் தட்டுப்பாடு. அப்போதுதான் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் ஆட்கள் நடிக்கும் நாடகத்தை முதல்முறையாக டவுன் மண்டபத்தில் போட இருந்தார்கள். மண்டபம் காற்று வாங்கினால் இனித் தோட்டத்துக்காரர்களுக்குத் தரமாட்டோம் என்று மண்டபத்துக்காரர்கள் சொல்லியிருந்தார்களாம். விளம்பரம் முழுக்க என் தலையில் விழுந்தது.

“பேப்பர் இல்லைங்க சார்” என்றேன்.

அவர் ஒரு சுருளை நீட்டினார். தோட்டத்து ஆபீசான கந்தோரைத் துப்புரவு செய்தபோது எறிந்த பழைய நிலப் பிளான்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் மெல்லிய மெழுகுத் துணியில் வரைந்தவை. ஒவ்வொரு மலைக்கும் நம்பர் போட்டு, ஓடை, லயம் எல்லாம் மயிரிழைக் கோடுகளில் இருந்தன. எனக்கு ஆசை பொறுக்கவில்லை.

பழைய மையின் மேல் என் மை ஒட்டாது என்று பயந்து, பிளான்களின் பின்பக்கத்தில் ஒரு சாண் உயரச் சிவப்பு எழுத்தில் நாடகத்தின் பெயரையும் நாளையும் அடித்தேன். பன்னிரண்டு துணியும் தீர்ந்தது. பார்க்க வந்த வாத்தியாரின் முகத்தில் ஈயாடவில்லை.

“அக்கா, ஏழாம் நம்பர் மலை கிழக்கால நிக்குதே. எங்க ஆளுங்க பார்த்தா சிரிப்பாங்க.”

கோடுகள் துணியை ஊடுருவி, வலது இடமாக மாறித் தெரிந்தன. எனக்கு அவை வெறும் அலங்காரம். அந்த மலைகளில் தினமும் ஏறி இறங்குகிறவர்களுக்கு அப்படியில்லை என்பது டவுன்காரியான என் மண்டையில் ஏறவேயில்லை. திரும்ப அடிக்கத் துணியும் இல்லை, நாளும் இல்லை. வெட்கத்தில் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

“சார், இத எழுத்து வெளிய பார்க்க, பஸ் கண்ணாடியில உள்பக்கமா ஒட்டுவோம். வெளிய நிக்கிறவங்களுக்கு எழுத்து நேரா தெரியும். உள்ள இருக்கிறவங்களுக்கு மலை நேரா தெரியும்.”

எல்கடுவ பஸ் கண்டக்டர் நல்ல மனிதர், பின் கண்ணாடியிலும் பக்கக் கண்ணாடிகளிலும் ஒட்ட விட்டார். மறுநாள் அதே பஸ்ஸில் ஏறினேன். பின்சீட்டில் இரண்டு பெண்கள் கண்ணாடியில் விரல் வைத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இதானே நாம கொழுந்து நிறுக்கிற மடுவம்.”

“இல்ல, அது ஓடைக்கு அந்தாண்ட.”

வெளியே பஸ் ஸ்டாண்டில் டவுன்காரர்கள் அண்ணாந்து என் எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாடகத்தன்று மண்டபத்தில் உட்கார இடமில்லை. அச்சகக்காரர் வாசல் ஓரத்தில் நின்றே பார்த்தார். “போஸ்டரைப் பார்த்துட்டா வந்தீங்க?” என்று கேட்டேன். எனக்கு நிற்க இடம் விட்டுத் தள்ளி நின்றார். அடுத்த நாடகத்துக்கும் மண்டபம் தருவதாக மண்டபத்துக்காரர்கள் வாத்தியாரிடம் அன்றே சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் போஸ்டர்களைக் கழற்றப் போனால் ஒன்றுகூட இல்லை. பிறகு ஒருநாள் வாத்தியாருடன் தோட்டத்துக்குப் போனபோது ஒரு லயத்து வீட்டுச் சுவரில் அவற்றில் ஒன்றைக் கண்டேன். பிளான் வெளியே தெரிய, என் எழுத்து சுவரைப் பார்த்திருந்தது. வாத்தியாருக்குச் சங்கடமாகிவிட்டது.

“திருப்பி மாட்டச் சொல்லவா அக்கா?”

“வேணாங்க சார்” என்றேன். வீட்டுக்காரப் பெண் ஏழாம் நம்பரில் விரலை வைத்து, “இங்கதான் நான் கொழுந்து எடுக்கிறேன்” என்று எனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.