கடைசிக் கச்சேரியில் எழுந்து போனவர்

நான் சமைக்கும் கண்டக்குழி லொட்ஜில், சமையலறையில் இன்றும் அதே பதிவைத்தான் போட்டிருந்தேன். இந்தக் குழுவில் நாம் எல்லோரும் கொண்டாடும் ஜாஸ் கிழவர் சாகுமுன் ட்ரம்பெட் வாசித்த கடைசிக் கச்சேரி.

தங்கியிருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றார். அந்தக் கச்சேரிக்குத் தான் போயிருந்ததாகச் சொன்னார்.

அடுப்பைக் குறைத்தேன். நேரில் பார்த்த ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

கிழவர் வாசித்ததைவிட நிறுத்தியதுதான் அதிகமாம். அதனால் இவர் பாதியில் எழுந்து வந்துவிட்டாராம்.

அந்த நிறுத்தங்களுக்காகத்தானே நாம் உயிரை விடுகிறோம்!

இறால் கொண்டுவந்த நியாஸ் நானாவிடம் சொன்னேன்.

"டிக்கெட் எடுத்துப் போய் பாதியில எழும்பி வந்திட்டாரா?"

"ஓம் நானா."

"நீ போயிருக்கலாமே."

"எனக்கு யாரு விசா தாற? இப்ப அந்தக் கிழவரும் மௌத்தாப் போயிட்டாரு."

அந்தப் பதிவின் நீண்ட மௌனத்தில் யாரோ எழும்பிப் போக, ஒரு கதிரை படாரென்று மடங்கும் சத்தம் கேட்கும், தெரியும்தானே? அந்த ஆளை நாம் திட்டாத நாளில்லை. இவராகத்தான் இருக்கும்.

திட்ட விரும்புபவர்கள் கீழே திட்டலாம். எனக்கு வாய் வரவில்லை. பகல் நான் பொரித்துக் கொடுத்த இறாலை மனிதர் கடைசிவரை இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.